நாலு விரல் மடிப்பு

அக்கரை,
பிப்ரவரி 9

ஏழு கடலுக்கும் எண்ணற்ற பனிமலைகளுக்கும் அப்பால் வீற்றிருக்கும் என் அக்கா பெற்ற அறிவுக் களஞ்சியமே,

நலம். சாதாரண நலமில்லை, பக்கத்து ஊர்க்காரன் பார்த்தால் பொறாமையில் இளைத்துப்போகிற அளவு நலம். இதைப் போனில் சொல்லலாமே என்பாய். நம் கரையில் சிக்னல் வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். என் அந்தஸ்துக்கு அது ஒத்துவராது.

நேற்று நம் பாலத்துக்கு முதல் பிறந்தநாள். ஒரு வருஷம் ஓடிவிட்டது! ஊர் ஊராகப் பாலம் கட்ட உதவும் உங்கள் அலுவலகம் அனுப்பிய கம்பிக்கயிறு முன்பு ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்ததாம். கப்பலையே தூக்கிய கயிற்றுக்கு உன் அத்தை எம்மாத்திரம் என்று திறப்பு விழாவில் அவளைத்தான் முதலில் நடக்கவிட்டேன். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

பிறந்தநாளுக்குப் புதுத்துணி வேண்டாமா? ஏணி போட்டு ஏறி, பாலத்தின் இடதுபக்கத் தூணுக்கு அளவெடுத்து, நீலத் துணியில் ஒரு கோட்டு தைத்துப் போட்டேன். காலர் வைத்தது, எட்டுப் பொத்தான். மனித குல வரலாற்றில் தூணுக்குக் கோட்டு தைத்த முதல் தையல்காரன் உன் மாமாதான். பாலத்தைச் சோதிக்க வந்த இன்ஜினியர், அதான் நம் நட்டு போல்ட்டு அம்மா, கீழே நின்று கத்தினார்: "என்னங்க இது? காத்துல பறந்து கேபிள்ல மாட்டிக்கும், கழட்டுங்க!" நான் சொன்னேன், "அம்மா, பிறந்தநாள் குழந்தையை அம்மணமா நிக்கச் சொல்றீங்களே, மனசாட்சி இருக்கா?" ஒரு மணி நேரம் அவகாசம் கொடுத்தார்.

கூட்டத்தைக் கேட்காதே. எள் போட்டால் எள் விழாது. தலைமையாசிரியர் பேச ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் ஆற்று மீன்கள் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டன.

இனி முக்கியச் செய்தி. நம் கரையை விட்டு வறுமை போய்விட்டது. நானே பார்த்தேன். கந்தல் சட்டையும் தகரப் பெட்டியுமாகப் பாலத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. "எங்க கிளம்பிட்டே?" என்றேன். "இந்த ஊர்ல எனக்கு இனி வேலை இல்ல தையல்காரரே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. இன்று அக்கரையில் ஏழை என்று ஒருவர்கூட இல்லை. தருமம் செய்யலாமென்று நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து தெருத்தெருவாக அலைகிறேன், வாங்க ஆளில்லை.

இப்படிக்கு,
அக்கரையின் ஒரே தையல்காரனும், ஆகவே தலைசிறந்த தையல்காரனுமான
உன் மாமா

பின்குறிப்பு: அம்மாடி, மாமா எழுதினதை நாலால வகுத்துக்கோ. ஏழைங்க இருக்காங்க, நாமளும் பாதி ஏழைதான். ஆனா போன வருஷத்துக்கு இந்த வருஷம் மூச்சுவிட முடியுது. பாலம் கட்ட பக்கத்து ஊர் மேல்துறைக்காரங்க கேக்காமலே வந்து கல் சுமந்தாங்களே, அவங்களைப் பிறந்தநாளுக்குக் கூப்பிட மறந்துட்டார், எனக்கு அதுதான் கஷ்டமாயிருக்கு. என் முட்டி வலிக்கு நீ அனுப்பின தைலம் தீர்ந்துபோச்சு. – அத்தை


தலைமை அலுவலகம்,
மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. என்னவோ ஏதோ என்று பக்கத்து மேசைக்காரி ஓடிவந்தாள். அவளை நாங்கள் மின்னல் என்போம், எதையும் பாதி கேட்டுவிட்டுப் பறந்துவிடுவாள். கொடையாளர்களுக்குப் போகிற புத்தகங்களைத் தயாரிப்பது அவள்தான். "எனக்கும் சொல்லு" என்று பிடிவாதம் பிடித்தாள். மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து அவள் மொழியில் எழுதிக் கொடுத்தேன். தூணுக்குக் கோட்டு தைத்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினாள்.

இங்கே பனி முழங்கால் வரைக்கும். இது உங்கள் முழங்கால் இல்லை மாமா, உண்மையான முழங்கால். நீங்கள் தைத்துக் கொடுத்த கோட்டைத்தான் தினமும் போடுகிறேன். அதன் கீழ் ஓரத்தில் நாலு விரல் மடிப்பு விட்டிருக்கிறீர்களே, முப்பத்திரண்டு வயதில் நான் இன்னும் எவ்வளவு வளரப்போகிறேன்? சின்ன வயதில் எனக்குத் தைத்த கவுன் ஞாபகம் வந்தது. அந்த மடிப்பை வருஷத்துக்கு ஒரு விரலாகப் பிரித்துப் பிரித்து நாலு வருஷம் ஓட்டினோம்.

ஒரு ரகசியம். மேல்துறைக்கும் ஒரு பாலம் வேண்டுமென்று நானே திட்டம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் எழுதுகிற முதல் திட்டம். நமக்கும் அவர்களுக்கும் நடுவே அந்த ஓடை இருக்கிறதே, மழை வந்தால் அது தானும் ஆறென்று நினைத்துக்கொள்ளும், நம் பாலம் அவர்களுக்கு எட்டாது. பெரியவர் படித்துவிட்டு "பார்க்கலாம்" என்றார். எங்கள் தலைவர் "பார்க்கலாம்" என்றால் பாதி சரி என்று அர்த்தம். யாரிடமும் சொல்லாதீர்கள்.

அத்தைக்குத் தைலம் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. அதை "அமுதம்" என்று ஊரில் விற்றுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


அக்கரை,
மார்ச் 24

உலகெங்கும் என் புகழைப் பரப்பும் தூதுவரே,

அப்படியானால் நான் இப்போது சர்வதேச எழுத்தாளன்! செய்தியைக் கேட்டதும் கடைப் பலகையை இறக்கி, "தையல் நிலையம்" என்பதற்குக் கீழே "கண்டம் விட்டுக் கண்டம் வாசிக்கப்படுபவர்" என்று எழுதச் சொன்னேன். பலகையில் இடமில்லாமல் "கண்டம் விட்டுக் கண்" என்பதோடு நிற்கிறது. ரொட்டிக்கடைக்காரர் காலையில் பார்த்துவிட்டு, "என்ன தையல்காரரே, கண் ஆஸ்பத்திரி திறந்துட்டீங்களா?" என்கிறார். அவர் சட்டைக்கு அடுத்த தடவை ஒரு கையை மட்டும் தைக்கப்போகிறேன்.

யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் கல்லறை. என் வாயில் ஈகூட அனுமதிச் சீட்டு வாங்கித்தான் நுழையும். ஆனால் போன வாரம் மேல்துறையிலிருந்து நாலைந்து பேர் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்க வந்தார்கள். ஓடையில் இப்போது தண்ணீர் கணுக்கால் அளவு, நடந்தே வந்துவிட்டார்கள். அதில் அந்தப் பெரிய மீசைக்காரர், நம் பாலத்துக்குக் கல் சுமந்தவர் (கல் மட்டுமா, பாலத்தையே ஒற்றைக் கையில் தூக்கி வைத்தவர்), "எங்களுக்கும் இப்படி ஒண்ணு வருமா?" என்று மெதுவாகக் கேட்டார். மனுஷன் அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? "வருமாவா? வந்துட்டே இருக்கு! என் மருமக கை காட்டினா கப்பலே திரும்பும், கயிறு திரும்பாதா?" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மேல்துறையில் ஆற்றங்கரையில் கல் குவித்துக்கொண்டிருக்கிறார்களாம். இமயமலை போல இருக்கிறதாம்.

இப்படிக்கு,
கல்லறையான
உன் மாமா

பின்குறிப்பு: கல் குவிக்கிறது நெசம். இடுப்பளவு இருக்கு. அதைப் பார்த்துட்டு வந்ததுலேருந்து எனக்குத் தூக்கம் வரல. நீ சரியாச் சொல்லு, பாலம் வருமா வராதா? – அத்தை


தலைமை அலுவலகம்,
ஏப்ரல் 28

அன்புள்ள மாமாவுக்கு,

உட்கார்ந்து படியுங்கள். ஊசி கையில் இருந்தால் கீழே வையுங்கள்.

மின்னல் அடித்துவிட்டது. நான் விளையாட்டாக எழுதிக் கொடுத்த உங்கள் கடிதத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கொடையாளர்களுக்கான ஆண்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் போட்டுவிட்டாள். தலைப்பு என்ன தெரியுமா? "இன்று எங்கள் கரையில் ஏழை என்று ஒருவர்கூட இல்லை". அழகாக இருந்ததாம். அவளுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அவள் ஊரில் பெரியவர்கள் கடிதத்தில் பொய் எழுத மாட்டார்களாம்.

கொடையாளர்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். ஓர் அம்மா கண்ணீரே விட்டார். அப்புறம்தான் வந்தது வினை. "அந்தப் பக்கம் வறுமை ஒழிந்துவிட்டது என்றால் அங்கே நம் வேலை முடிந்தது. மேல்துறைப் பாலத்துக்கு வைத்திருப்பதை வேறு இடத்துக்கு அனுப்பலாமே" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். தப்பான எண்ணம் இல்லை மாமா, உலகத்தில் காத்திருக்கிற ஆறுகள் ஆயிரம். என் திட்டத்தின் மேல் சிவப்பு மையில் "தேவையில்லை" என்று எழுதி வந்துவிட்டது. கடைசி முடிவு ஜூலைக் கூட்டத்தில்.

தப்பு உங்கள் மேல் இல்லை. கடிதத்தில் அத்தையின் பின்குறிப்பும் இருந்தது. முட்டி வலி, தைலம் என்று வீட்டு விஷயம்தானே என்று நான்தான் அதை விட்டுவிட்டேன். முப்பது வருஷமாக உங்கள் பேச்சை அத்தையின் திருத்தத்தோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவள். மாமாவின் பேச்சை அத்தை இல்லாமல் வெளியே அனுப்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தைக்கு: எனக்குத் தெரியவில்லை அத்தை. வராமல் போகலாம்.

உங்கள் மருமகள்


அக்கரை,
மே 11

மருமகளே, கலங்காதே! மாமா இருக்க மலைப்பேன்?

முதலில் அரை நாள் பேச்சே வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைக்கு வந்தவர்கள் எனக்குப் பல்வலி என்று நினைத்து மருந்து சொன்னார்கள். பிறகுதான் மூளை மின்னியது. முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும். ஏழையே இல்லை என்று எழுதியதுதானே கெடுத்தது? இதோ, தனித் தாளில் இன்னொன்று எழுதியிருக்கிறேன். நேராகக் கொண்டுபோய் அந்தக் கூட்டத்தில் படி. கல்லும் கரையும், அதன் பக்கத்துக் கல்லும் கரையும்.

"கருணைக் கடல்களே! நாங்கள் பரம ஏழைகள். எங்கள் வறுமையைப் பார்த்து வறுமையே எங்களுக்குக் கடன் கொடுக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிற எலிகள் அடுப்பங்கரையைச் சுற்றிப் பார்த்து, மனம் கசிந்து, தங்கள் வளையிலிருந்து தானியம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகின்றன. பாலமா? பாலத்தால் என்ன பயன்? அதில் நடக்க எங்கள் காலில் தெம்பில்லை. ஆற்றைக் கடந்தால் அந்தப் பக்கம் வாங்க வழியில்லை, விற்கப் பொருளில்லை. சட்டைத்துணி இல்லாமல் நான் காற்றில் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஆகவே இன்னொரு பாலம் தருக."

எப்படி? எழுதும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது.

இப்படிக்கு,
காற்றில் தைக்கும்
உன் மாமா

பின்குறிப்பு: அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல போடு. எலி வந்தது நெசம். தானியம் கொண்டுவரல, எடுத்துட்டுப் போச்சு. அம்மாடி, இவர் மேல கோவப்படாதே. எப்பவும் விளையாடுற மனுஷன், இப்ப சோறு எறங்காம இருக்கார். மேல்துறைக்காரங்க தெருவுல வந்தா கடைக்குள்ள ஒளிஞ்சுக்கிறார். – அத்தை


தலைமை அலுவலகம்,
மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

கிழித்துவிட்டேன். எலிகள் வருகிற வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன், சிரிப்பு வராத நாளுக்காக.

சொல்வதைக் கேளுங்கள் மாமா. எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார், மெலிந்த உடம்பு, எதற்கும் முகம் மாறாது. "உதவி என்பது மணலில் ஊற்றுகிற தண்ணீர்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். உங்கள் இரண்டாவது கடிதத்தை அவரிடம் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். "பார்த்தீர்களா, பாலம் கட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை, அவரே சொல்கிறார்" என்பார். முதல் கடிதத்தைப் படித்தவர்கள் வேலை முடிந்தது என்றார்கள். இரண்டாவதைப் படித்தால் வேலை வீண் என்பார்கள். இரண்டிலும் மேல்துறைக்குப் பாலம் கிடையாது.

நீங்கள் ஒரு ஆளுக்குச் சட்டை தைக்கும்போது, "இவர் தோள் மலை மாதிரி" என்று மனசில் பட்டதை வைத்தா துணியை வெட்டுகிறீர்கள்? வாய் மலை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை டேப்பைப் போட்டு ஒரு நூல் பிசகாமல் அளந்துவிடுகிறதே. அந்தக் கையால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன மாறியது, எவ்வளவு மாறியது, என்ன மாறவில்லை. நான் உள்ளபடியே மொழிபெயர்த்துக் கூட்டத்தில் வைக்கிறேன். புத்தகத்தில் பொய் வந்துவிட்டது என்று பெரியவரிடம் நானே சொல்லிவிட்டேன். முகம் கறுத்தது. "அப்படியானால் உண்மை என்ன?" என்றார். மாமாவிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் ஊரைவிட்டு வந்து பல வருஷம் ஆகிறது.

நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அறிவு குறைந்ததால் இல்லை, ஆறு நிறைந்ததால். மேல்துறைப் பிள்ளைகள் இன்னும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

உங்களால் முடியும் மாமா. கஷ்டமாக இருக்கும், தெரியும்.

உங்கள் மருமகள்


அக்கரை,
ஜூன் 19

மருமகளுக்கு,

நலம். கேட்டதை எழுதுகிறேன்.

பாலம் வந்தபின் ஒரு மழைக்காலம் போயிருக்கிறது. அந்த மழையில் பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுக்கு நிற்கவில்லை. நர்சம்மா வாரம் இரண்டு நாள் வருவது நிற்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மருமகளுக்கு வலி எடுத்தபோது ஆற்றில் வெள்ளம். பாலத்தில் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். முன்பு அப்படி ஒரு நாளில் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

காய்கறி போடுகிறவர்கள் முன்பு வெள்ளம் வந்தால் விளைந்ததை மாட்டுக்குக் கொட்டுவார்கள். இப்போது டவுன் சந்தைக்குக் கொண்டுபோகிறார்கள். சில வீடுகளில் தகரக் கூரை வந்திருக்கிறது.

மாறாதது. கல்குவாரியில் வேலை செய்கிறவர்களுக்குக் கூலி அதேதான். நிலமில்லாதவர்களுக்கு நிலம் வரவில்லை. ஆற்று வளைவில் இருக்கிற வீடுகளில் தண்ணீர் இன்னும் ஏறுகிறது. படகுக்காரருக்கு நஷ்டம். பல மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது பாலத்தின் நட்டுகளை முறுக்கிப் பார்க்கிற வேலை அவருக்கு. முன்பு வந்ததில் பாதிதான் வருகிறது. பேசுகிறார்.

என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒட்டுப் போடுகிற வேலை குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் துணிக்கு ஓரத்தில் வளர்த்திக்கு மடிப்பு விடுவோம். அடுத்த வருஷம் புதுத்துணி எடுக்க முடியாது என்று நினைக்கிறவர்கள் அதிகம் விடச் சொல்வார்கள். நான் கடை போட்ட நாளிலிருந்து நம் கரையில் எல்லோரும் நாலு விரல் கேட்டார்கள். இந்த வருஷம் பெரும்பாலானவர்கள் இரண்டு விரல் கேட்டார்கள். குவாரி வேலைக்காரர்கள் இன்னும் நாலு விரல் கேட்கிறார்கள். மேல்துறையிலிருந்து வருகிற எல்லோரும் நாலு விரல்தான். ஒரு தாய் ஐந்து கேட்டாள்.

கயிறு கொடுத்தவர்களை எங்களுக்குத் தெரியாது. மணலும் கல்லும் நாங்கள் சுமந்தோம், மேல்துறைக்காரர்களும் சுமந்தார்கள். கயிறு இல்லாவிட்டால் மணலை வைத்து நாங்கள் ஒன்றும் செய்திருக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மேல்துறைக்குப் போனேன். பாலம் வரும் என்று நான் சொன்னது தெரியாமல் சொன்னது, வரலாம், வராமலும் போகலாம் என்று மீசைக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. டீ கொடுத்தார். குவித்த கல்லை மட்டும் கலைக்கப்போவதில்லை என்றார்.

இவ்வளவுதான்.

மாமா

பின்குறிப்பு: ரெண்டு தடவை படிச்சேன். திருத்த ஒண்ணுமே இல்ல. காய்ச்சலோன்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன். – அத்தை


தலைமை அலுவலகம்,
ஜூலை 22

அன்புள்ள மாமாவுக்கு, அன்புள்ள அத்தைக்கு,

வருகிறது! மேல்துறைக்குப் பாலம் வருகிறது!

மழை முடிந்ததும் கயிறு புறப்படும். நட்டு போல்ட்டு அம்மாவேதான் வருகிறார், தூண்களுக்குக் கோட்டு போடமாட்டேன் என்று மாமாவிடம் முன்கூட்டியே எழுதி வாங்கச் சொன்னாராம்.

கடிதத்தை ஒரு வார்த்தை மாற்றாமல் படித்தேன். பின்குறிப்போடு. படித்து முடித்ததும் அந்த மெலிந்த மனிதர்தான் முதலில் கேட்டார்: "நாலு விரல் என்றால் எவ்வளவு?" நான் எழுந்து போய், ஆணியில் தொங்கிய என் கோட்டை எடுத்து வந்து, ஓரத்தைப் புரட்டி மேசைமேல் வைத்தேன். அவர் தன் விரலை வைத்துப் பார்த்தார். "உங்களுக்கும் விட்டிருக்கிறாரா?" என்றார். "நான் இன்னும் வளர்வேன் என்று நினைக்கிறார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஆதரவாகக் கை தூக்கவில்லை மாமா, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் "மணல், தண்ணீர்" என்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் தூக்கினார்கள். ஆற்று வளைவு வீடுகளைப் பற்றியும் குவாரிக் கூலியைப் பற்றியும் நிறையக் கேட்டார்கள். அதற்கு என்ன செய்வதென்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை.

மின்னல் இப்போது தமிழ் படிக்கிறாள். முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "பின்குறிப்பு".

ஒரு வேண்டுகோள். அந்த ஜூன் மாதக் கடிதத்தை நான் தனியாகப் படித்தபோது, யாரோ முன்பின் தெரியாதவர் என் மாமாவின் கையெழுத்தில் எழுதியது போல இருந்தது. தாங்கவில்லை. சீக்கிரம் பழையபடி ஒன்று எழுதுங்கள். யாருக்கும் காட்டமாட்டேன்.

உங்கள் மருமகள்


அக்கரை,
டிசம்பர் 6

மூவுலகும் மெச்சும் பாலங்களின் பேரரசியே,

பழையபடி கேட்டாயல்லவா? பிடி!

நேற்று மேல்துறையில் வேலை ஆரம்பம். கயிறு வந்திறங்கிய லாரி அவ்வளவு நீளம், அதன் முன்சக்கரம் மேல்துறைக்கு வந்தபோது பின்சக்கரம் இன்னும் துறைமுகத்தில் சுங்கத்தீர்வை கட்டிக்கொண்டிருந்தது. நட்டு போல்ட்டு அம்மா இறங்கியதும் என் கைகளைத்தான் முதலில் சோதித்தார், டேப் இருக்கிறதா என்று. இல்லை. அது அத்தையின் பையில் இருந்தது.

நான் காலையில் கடையைப் பூட்டும்போது, மாமா மட்டும் தன்னந்தனியாகப் போய் மணல் சுமந்து சரித்திரம் படைக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. தெருவில் இறங்கினால் ரொட்டிக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுக் கூடையோடு நிற்கிறார். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "நீங்க எங்க போறீங்களோ அங்கதான், கண் டாக்டரே" என்கிறார். பின்னால் தலைமையாசிரியர், நல்லவேளை பேசவில்லை, சட்டியைத் தலையில் கவிழ்த்திருந்தார். படகுக்காரர் தன் பழைய படகை ஓடையில் இறக்கி மணல் ஏற்றிக்கொண்டிருந்தார். காய்கறிக்காரர்கள், நர்சம்மா, கைக்குழந்தையோடு ரொட்டிக்கடை மருமகள். குவாரிக்காரர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். கல் உடைப்பதில் எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார்கள், நாங்கள் எல்லோரும் தேர்வில் தோல்வி.

மீசைக்காரர் அப்படியே நின்றுவிட்டார். "யாரு சொல்லி வந்தீங்க?" என்றார். அக்கரையே ஒரே குரலில் சொன்னது: "நீங்க யாரு சொல்லி வந்தீங்க?" அந்தச் சத்தத்தில் ஆறு ஒரு நிமிஷம் எதிர்ப்பக்கமாக ஓடிவிட்டு, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது.

எத்தனை பேர் என்கிறாய்? பத்தாயிரம் பேர்! மணல் மலை அவ்வளவு உயரம் போனதால் மேகங்கள் சுற்றிப் போக வழி கேட்டன. இடுப்பளவு இருந்த கல் குவியல் தன்னைச் சின்னதாக உணர்ந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

மாலையில் மேல்துறை அம்மாக்களில் ஒருத்தி, அந்த ஐந்து விரல் கேட்டவள், மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த வருஷச் சட்டைக்கு அளவெடுக்கச் சொன்னாள். "மடிப்பு எத்தனை விரல் விடட்டும்?" என்றேன். கல் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பச் சொல்ல முடியாதுண்ணே. பாலம் முடியட்டும், அப்ப சொல்றேன்" என்றாள்.

உன் கோட்டு மடிப்பைப் பிரிக்காதே. நீ இன்னும் வளர்வாய். எனக்குத் தெரியும், நான் அளந்தவன்.

இப்படிக்கு,
இரு பாலங்களின் ஆடை வடிவமைப்பாளன்
உன் மாமா

பின்குறிப்பு: அம்மாடி, மாமா பத்தாயிரம் பேர்னு எழுதியிருக்கார். தப்பு. முட்டி வலியோட நானும் போயி, அங்கயே நின்னு என் கண்ணால பார்த்தேன். இருபதாயிரம் இருக்கும். – அத்தை